இணைப்பு ஒன்று, வரிசை எண் பதினேழு

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை ஒரு கரண்டி தூக்கல்தான். ஆனால் இனிமேல் நான் எதையும் குறை சொல்வதாக இல்லை. குறை சொல்லிச் சொல்லித்தான் இந்த ஸ்டேஷன் நாற்காலிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம். நான் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் தொழிலே அதுதான். இருபத்திரண்டு வருஷமாக அரசு அலுவலகங்களுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஜனங்கள் வந்து மனசில் இருப்பதைக் கொட்டுவார்கள். நான் அதை 'பெறுநர்', 'பொருள்', 'ஐயா' என்று மடித்துக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரன் காலை உடைக்கிறேன் பார் என்று வருகிறவர், 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாதுவாகப் போவார். கோபத்துக்கு இஸ்திரி போடுகிற வேலை என்பாள் என் மனைவி. அவள் தையல்காரி. உலகத்தில் அவளுக்கு எல்லாமே துணிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தையல் சொல்லிக்கொடுத்து வீடியோ போட ஆரம்பித்தாள். முன்னறை ஜன்னல் ஓரமாக மிஷின். ஸ்டூலின் மேல் இரண்டு தலையணை, அதன் மேல் ஒரு பிஸ்கட் டின், அதில் சாய்த்து வைத்த போன். படப்பிடிப்பு முழுக்க என் பொறுப்பு. இருமல் வந்தால் வாசலுக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் மாதம் ஒரு வீடியோவைப் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் நான்கு பேர் நான்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டாள். "ஏங்க, நான் சொல்றது யாருக்கும் புரியலையோ?"

அவள் கேட்ட விதம் எனக்குத் தாங்கவில்லை. மேடம், என் அனுபவத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதிகாரி மேஜைத் தட்டில் தூங்கும். எதிர்த்து ஒருத்தர் மறுப்பு மனு போட்டால்தான் கோப்பு எழுந்து உட்காரும். அந்தத் தொழில் புத்தியில்தான் நான் இன்னொரு பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். 'உண்மைவிளம்பி' என்று பெயர் வைத்தேன். பெயரைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். எனக்கே அப்போது சிரிப்பு வந்தது.

முதலில் எழுதியது ரொம்பச் சாதாரணம். 'கத்தரி பிடிக்கிற அழகைப் பார்த்தால் துணி வெட்டுகிற மாதிரி இல்லை, புல் வெட்டுகிற மாதிரி இருக்கிறது.' மதியம் இரண்டு மனுக்களுக்கு நடுவில் எழுதினேன். நான்கு மணிக்குள் மூன்று பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 'பெரிய மனுஷா, நீ ஒரு பட்டனுக்குக் காஜா எடுத்துக் காட்டு, அப்புறம் பேசலாம்' என்று ஒருத்தி. மறுநாள் காலை நானூறு பேர் பார்த்திருந்தார்கள். கோப்பு நகர்ந்துவிட்டது.

ஆனால் அன்று அவள் அழுதாள். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாகி, நான்காம் மாதம் போய்விட்டது. வெளியே சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதனால் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்போது அவள் காலால் மிதிக்கிற மிஷினில் நாள் பூராவும் தைப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என்னைக் கேட்டாள். "நான் மிதிச்சதாலதானாங்க?" இல்லை என்றேன். மறுநாளும் கேட்டாள், இல்லை என்றேன். ஒரு மாதம் போல இது நடந்தது. பிறகு மிஷினுக்கு மோட்டார் போட்டோம், அவள் கேட்பதை நிறுத்தினாள். கேட்பதோடு மற்ற பேச்சும் நின்றுவிட்டது. 'சாப்பாடு போடவா', 'கேஸ் வந்துடுச்சா', அவ்வளவுதான். சண்டை எதுவும் கிடையாது. ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி மரியாதையாக இருந்தோம்.

அந்த முதல் கமெண்ட் வந்த அன்று அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். வருஷக்கணக்குக்குப் பிறகு. "விடும்மா, வேலை வெட்டி இல்லாதவன் எவனோ" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். எழுதினவனையும் திட்டினேன். மனப்பூர்வமாகத்தான் திட்டினேன், நீங்கள் நம்ப வேண்டும்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. அவளைக் கூட்டம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். கூட்டம் குறைந்தால் கொஞ்சம் காரம் கூட்டுவேன். மற்றவர்கள் திட்டுவது குத்துமதிப்பாக இருக்கும், எங்கேயும் படாது. எனக்கு அளவு தெரியும். அவளுடைய முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும். சின்ன வயசிலிருந்தே வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அதை எழுதினேன். தைக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருக்குமே, பொத்துவதற்குக் கையில்லை. அதனால் வீடியோவில் சிரிப்பதையே விட்டுவிட்டாள். அதற்கும் சாயங்காலம் நான்தான் ஆறுதல் சொன்னேன். "உன் பல்லுக்கு என்னம்மா குறைச்சல்" என்றேன். அதுவும் உண்மை. எனக்கு அந்தப் பல் ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாவது வருஷம் ஏதோ மாறியது. பார்க்கிறவர்கள் ஒரு லட்சம் பேர் ஆனார்கள். 'டெய்லர் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள், பல் தெரிய. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி கேட்பாள்.

"இன்னைக்கு விளம்பி என்ன சொல்றாரு?"

"உன் குரல் தகர டப்பா மாதிரி இருக்காம்."

"பரவாயில்லையே, போன வாரம் ஓட்டை டப்பான்னாரு. இப்ப ஓட்டையை அடைச்சுட்டாரு போல." சிரித்துவிட்டுச் சொன்னாள். "பாவம்ங்க அந்த ஆளு. வீட்ல பேச்சுத் துணைக்கு யாரும் இல்ல போலிருக்கு. அளவு தெரிஞ்சா ஒரு நல்ல சட்டை தைச்சு அனுப்பலாம்."

அப்போது நான் போட்டிருந்ததும் அவள் தைத்த சட்டைதான்.

அதிலிருந்து அவள் தோளில் சாய வேண்டிய அவசியம் வரவில்லை. சாயங்காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யார் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருப்பாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கு வருவேன்.

போன மாதம் பிறந்த குழந்தைக்குச் சட்டை தைப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டாள். மாதிரிக்காக மிஷின் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பதினோரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் தொடாத சட்டை. "இது ஒருத்தருக்காகத் தைச்சது, அவங்க வரலை" என்று சொல்லிவிட்டு, புன்சிரிப்போடு கைப்பகுதி வெட்டுவதை விளக்க ஆரம்பித்தாள். போனுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். அதை ஒரு லட்சம் பேருக்கு எடுத்துக் காட்டிவிட்டு, அவள் லேசாகிவிட்டாள்.

மறுநாள் மதியம், உங்கள் தாளில் பதினேழாவதாக இருப்பதை எழுதினேன். உங்கள் மேஜையில் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். 'மிஷினை மிதித்து மிதித்து வயிற்றில் இருந்ததையும் மிதித்துப் போட்டவள்தானே நீ. உனக்கெதற்குக் குழந்தைச் சட்டை.'

நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் அவளே என்னிடம் வந்தாள். கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தேன். ஆனால் அவள் வந்தது வேறு விஷயமாக.

இவளைப் பார்த்துத் தையல் கற்றுக்கொண்ட ஒரு பெண், தானும் வீடியோ போட ஆரம்பித்திருக்கிறாள். அவளைப் பற்றி யாரோ கண்டபடி எழுதி, அந்தப் பெண் எல்லாவற்றையும் மூடிவிட்டாளாம். அது நான் இல்லை, மேடம். குறித்துக்கொள்ளுங்கள்.

"எனக்குப் பழகிடுச்சுங்க, அவளுக்கு முடியலை. இதுக்கு சட்டம் இருக்கான்னு கேக்கணும். விளம்பி மேலேயே ஒரு புகார் குடுப்போம். ஒருத்தர் மாட்டினா நாலு பேராவது யோசிப்பாங்க."

"வாயால பேசுறதுக்கெல்லாம் ஜெயில்னா, பாதி ஊரு உள்ள இருக்கும், மீதி ஊரு சாப்பாடு கொண்டுபோகும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "துணிக்குள்ள ஊசி முனை உடைஞ்சு தங்கிடுமே, பார்த்திருக்கீங்களா? வெளியிலேர்ந்து பார்த்தா சட்டை நல்லாத்தான் இருக்கும். போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். அதைப் பேச்சுன்னு சொல்லாதீங்க. நீங்கதான் அழகா எழுதுவீங்களே, எழுதுங்க."

எழுதினேன். எத்தனையோ ஆயிரம் மனு தட்டியிருக்கிறேன், ஒன்றும் இரண்டாவது மேஜையைத் தாண்டியதில்லை. இதுவும் தூங்கும் என்று நினைத்தேன். உங்களை மாதிரி ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிற அதிகாரி இருப்பார் என்று யார் கண்டது. ஆனாலும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. இப்படி எழுதுகிறவர்களைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்பதற்குக் கடைசிப் பத்தியில் நான் சொன்ன காரணங்களைப் படித்துப் பாருங்கள். அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அத்தனை கமெண்டுகளில் காரமான பதினேழைப் பொறுக்கி, 'இணைப்பு ஒன்று' என்று வரிசை எண் போட்டுச் சேர்த்தேன். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். நான் தட்டியதை அவள் எப்போதுமே படித்துப் பார்த்ததில்லை.

இன்று காலை நடந்தது உங்கள் முன்னால் நடந்ததுதான். வாக்குமூலம் என்றால் அதுவும் வர வேண்டும். நீங்கள் இணைப்பை வாசித்து, ஒவ்வொன்றையும் அவள் போனில் ஒத்துப் பார்த்தீர்கள். பதினாறு வரை சரியாக இருந்தது. பதினேழாவது அவள் போனில் இல்லை. உங்கள் போனிலும் இல்லை. "இதை நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று அவளைக் கேட்டீர்கள். அவள் தாளை வாங்கிப் படித்தாள். விரலை வைத்து, மெதுவாக. "இல்ல மேடம், பார்க்கலை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, கேஸ் வந்துடுச்சா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, இதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"கமெண்ட்லதான்" என்றேன்.

அப்போதுதான் நீங்கள் விளக்கினீர்கள். ரொம்ப மோசமாக இருப்பதை அந்தத் தளமே மறைத்துவிடுமாம். எழுதினவன் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்துகொண்டே இருக்குமாம். வேறு யாரும் பார்க்க முடியாதாம்.

அவள் உங்களை எதுவும் கேட்கவில்லை. சட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "அப்ப இல்லைன்னு சொன்னீங்களேங்க" என்றாள். ஒரு மாதம் முழுக்க இல்லை, இல்லை என்று சொன்னீர்களே என்று அர்த்தம். தாளை மடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

உங்கள் கேள்வி என்ன என்று தெரியும். தவறிப்போய்ச் சேர்த்தேனா, தெரிந்தே சேர்த்தேனா. மனு முழுமையாக இருக்க வேண்டும் என்பது தொழில் பழக்கம், என் போனைப் பார்த்துத் தட்டியதில் அதுவும் வந்துவிட்டது என்று முதலில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள், மனு தூங்கும் என்று நினைத்தேன் என்றதையும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு நாளும் அவள் குளிக்கப் போகும்போது அவள் போனை எடுத்துப் பார்த்தேன். அது அங்கே இல்லை. தளம் மறைக்கும் என்கிற விவரம் எனக்குத் தெரியாது, ஆனால் அவளிடம் அது போய்ச் சேரவில்லை என்று தெரியும். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளித்துவிட்டு வருவாள். ஐந்தாம் நாள் மனு எழுதச் சொன்னாள். பதினாறோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் படிக்க மாட்டாள், யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தேன்.

கூட்டம் வரட்டும் என்று எழுதியதெல்லாம் முதல் மாதத்தோடு முடிந்துவிட்டது, மேடம். மற்றதெல்லாம் சாயங்காலத்துக்காக.

தண்டனை வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன், மறுக்க மாட்டேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அழுகிறாளா? அழுதால் என்னை ஒரு நிமிஷம் விடுங்கள். அவளைத் தேற்ற என்னை விட்டால் யாருக்கும் தெரியாது.