சைக்கிள் கடையில் வைத்த அடையாள அட்டை

ஹலோ... ஹலோ, ஜனா? எத்தினை தரம் எடுத்தனான் தெரியுமே? ஒம்பது தரம்! ... என்ன, போன் சைலன்டில கிடந்ததோ? கலியாணம் முடிச்சுப் பொலநறுவைக்கு ஊர் சுத்தப் போனால் தாய் எண்டு ஒருத்தி வெள்ளவத்தையில இருக்கிறது மறந்து போமோ? ...

ஓம்... ஓம்... சரி. சாப்பிட்டனீங்களே? ... நான் சாப்பிடேல்லை. அதை விடு. ... இல்லை, வருத்தம் ஒண்டுமில்லை. பொறு, என்னைக் கதைக்க விடு.

ஏன் உனக்கு மூச்சு வாங்குது? ... சைக்கிளோ? வாடகைச் சைக்கிளோ? ... ராசாவின்ர மாளிகை பாக்க ஒரு ஓட்டோ பிடிக்கேலாதோ? அங்காலப் பக்கம் யானை வாற ரோட்டெல்லோ! ... சாம்பவி ஆசைப்பட்டவளோ. சரி, சரி, பழியைப் பெண்சாதியில போடாத. ஒரு மாளிகை பாத்தாக் காணாதே? எல்லாம் இடிஞ்ச சுவர்தானே.

ஜனா, ஒண்டு கேக்கிறன், நேராப் பதில் சொல்லு. அப்பாவின்ர ஐசி எங்க?

... அப்பாவின்ர ஐடென்டிட்டி கார்ட். வேற என்ன ஐசி? பச்சை ஃபைலில இல்லை. அலுமாரியை முழுக்கக் கொட்டிட்டன். மெத்தையைத் தூக்கியும் பாத்திட்டன். ... ஓம், போட்டோக் கொப்பி இருக்கு. நாலு கொப்பி இருக்கு. ஒறிஜினல் எங்க? வியாழக்கிழமை விசாரணையெண்டு மறந்து போச்சே? மஷூர் லோயர் இப்பத்தான் புதுக்கடைக் கோட்டடியில இருந்து எடுத்தவர். இந்த முறை ஒறிஜினலைக் கண்ணால பாக்கோணுமாம். இல்லாட்டி ஃபைலை மூடிப்போடுவாங்களாம். பதினேழு வருசம் ஏறி இறங்கினது, ஒரு நாளில மூடிப்போடுவாங்களாம்.

... உன்ர பேர்ஸிலயோ! ... அப்பாடா. ... ஓம், போன கிழமை காலி ரோட்டுக் கடைக்குக் கொப்பி அடிக்கக் கொண்டு போனனீ. திருப்பி வைக்கேல்லை. ... சரி, பேச மாட்டன். இருக்கெல்லோ, அது காணும். எடுத்துப் பார். ... பாரெண்டு சொல்றன், என்ர மனத்திருப்திக்கு.

ஜனா?

பேர்ஸில கிடக்கோ? ... என்ன 'அம்மா, அது வந்து'? ... வந்து என்ன?

கடையிலயோ? எந்தக் கடையில? ... சைக்கிள் கடையிலயோ! ... பிணைக்கு ஐசி கேட்டவனோ. ... ஓம், கேப்பான். சைக்கிளைக் கொண்டு ஓடிடுவியள் எண்டு கேப்பான்தானே. உன்ரயைக் குடுத்திருக்கலாமே, விசரா! ...

நானோ? நான் சொன்னனானோ? ...

ஓம். சொன்னனான். உன்ர ஐசியை ஒருத்தன்ர கையிலயும் குடுக்காத எண்டு சொன்னனான். பதினாறு வயசில நீ கார்ட் எடுத்த நாளில இருந்து சொல்றன். ஏன் சொல்றனான் எண்டும் உனக்குத் தெரியும். அண்டைக்கு அப்பா கார்டை மேசையில வச்சிட்டு, பாண் வாங்க எண்டு சாரத்தோட கீழ இறங்கினவர். கடை வாசலில வச்சு வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போனாங்கள். கார்ட் கையில இருந்திருந்தா, ஆர் ஆளெண்டு பாத்திட்டு விட்டிருப்பாங்களோ எண்டு இண்டைக்கும் நினைச்சு நினைச்சு... அதுக்காண்டி, நீ உன்ரயைப் பத்திரமா வச்சுக்கொண்டு அவரைக் கொண்டு போய்ப் பிணை வச்சியோடா?

... அழேல்லை. ... அழேல்லை எண்டு சொல்றன்.

சாம்பவி ஒண்டும் சொல்லேல்லையே? ... தன்ர லைசன்ஸைக் குடுப்பம் எண்டவளோ? நீ, வேண்டாம், என்னட்ட ரெண்டு கார்ட் கிடக்கு எண்டு பெரிய ஆள் மாதிரி... அவளின்ர மூளையில கால்வாசி உனக்கு இருந்திருந்தா நான் இப்பிடி அலுமாரியைக் கொட்டிப்போட்டு நிக்க மாட்டன்.

சரி, இப்ப எங்க நிக்கிறாய்? ... கடை வாசலிலயே? பேந்தென்ன, உள்ளுக்குப் போய் வாங்கு. ... பூட்டியிருக்கோ? அஞ்சரைக்கு என்ன பூட்டு? ... செத்த வீட்டுக்குப் போயிட்டானோ. ... போனுக்கு அடிச்சனியே? ... நிப்பாட்டி வச்சிருக்கிறானோ. ஐயோ கடவுளே. ... இருக்கிறன், இருக்கிறன். கதிரையிலதான் இருக்கிறன்.

கார்டை எங்க வச்சவன்? ... மேசை லாச்சியிலயோ? பூட்டினவனோ? நீ கண்டனியோ? ... வெள்ளைக்காரரின்ர பாஸ்போட்டுகளோட சேத்து றப்பர் பாண்ட் போட்டவனோ. ... அதுக்க அவரும் கிடக்கிறார்.

ஜனா, இஞ்ச கேள். அவன் ஆறுதலா எடுத்து வாசிச்சுப் பாத்திட்டு, இது வேற ஆளின்ர கார்ட் எண்டு பொலிசுக்குக் குடுத்தானெண்டா? ... நடக்காதெண்டு நீ எப்பிடிச் சொல்லுவாய்? காணாமப் போன மனுசன்ர கார்டைக் காட்டி ஒரு பொடியன் சைக்கிள் எடுத்திருக்கிறான். அப்ப ஆள் எங்கயெண்டு என்னைத்தானே கேப்பாங்கள்! ஒளிச்சு வச்சிருக்கிறியோ எண்டு முந்தியும் கேட்டவங்கள். நீ பக்கத்தில என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கத்தானே கேட்டவங்கள். ... காலம் மாறிட்டுதோ? உனக்கு மாறிட்டுது. எனக்கெண்டா இல்லை; கீழ ஒரு வான் வந்து நிண்டா இப்பவும் லைட்டை நிப்பாட்டிடுவன்.

ஆர் அது, பின்னால கதைக்கிறது? ... பக்கத்துக் கடைப் பிள்ளையோ? ... அவவிட்டப் போனைக் குடு. குடு எண்டிறன். நான் சிங்களத்தில கேக்கிறன்.

ஹலோ... ஒவ், நங்கி. மம ஜனாகெ அம்மா... ஒவ், கொழம்ப... ஒவ், ஒவ், ஐடென்டிட்டி எக்க... புதாகெ. ஒவ், மகே புதாகெ... அனே, ஸ்துதி நங்கி. பொஹோம ஸ்துதி.

... நீயே? ஓம். என்ர மகன்ர கார்ட் எண்டுதான் சொன்னனான். நீயும் அப்பிடியே சொல்லு. ஒண்டையும் விளங்கப்படுத்த வெளிக்கிடாத. அவ நல்ல பிள்ளை, செத்த வீட்டில நிக்கிற ஆருக்கோ அடிச்சு அவனை வரச் சொல்றாவாம். ... எவ்வளவு தூரம்? ... ரெண்டு மைல்தானே. அப்ப வந்திடுவான்.

சாம்பவி என்ன செய்யிறாள்? ... அவளைக் கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லு. அவளை வெருட்டாத. இந்த வீட்டில பயப்பிட நான் ஒருத்தி காணும்.

... என்ன சத்தம்? மோட்டச்சைக்கிளோ? ... அவன்தானோ? வைக்காத! வைக்காத போனை. காதில பிடிச்சபடி நில்.

...

திறந்திட்டானே? ... திறப்பைத் தேடுறானோ. எந்தப் பொக்கெற்றில வச்சவனோ, கடவுளே. ... சரி. ... சரி...

கையில எடுத்திட்டானோ? ... பேந்தேன் தராமல் பாத்துக்கொண்டு நிக்கிறான்? ... உன்னையும் பாக்கிறானோ? வாயைத் திறக்காத. கேட்டா மட்டும் சொல்லு... முருகா... முருகா, முருகா...

... தந்திட்டானே? ... உன்ர கையிலயோ? ... அவர்தானோ? வடிவாப் பார். ... நம்பரை வாசி. ... ஏழு, ஒண்டு... ஓம்... ஓம்... அவர்தான். அவர்தான், ராசா.

... ஓம், அழுறன்தான். இப்ப அழ விடு.

என்னவாம், அவ்வளவு நேரம் பாத்தவன்? ... திருப்பிச் சொல்லு. ... படத்தில மெலிவா இருக்கிறீர் தம்பி, கலியாணம் முடிச்சுக் கொழுத்திட்டீர் எண்டோ? ... சிரிச்சவனோ. ... ஒரு சந்தேகமும் படேல்லையோ? காலமை வாங்கேக்கையும் படேல்லையோ? ...

ஓம். அந்தப் படம் எடுக்கேக்க அவருக்கு இருபத்தேழு வயசு. ... ஓம், உனக்கும் இப்ப இருபத்தேழுதான். ... எனக்குத் தெரியாதே? உனக்கு அவரின்ர முகமெண்டு, நீ மீசை விட்ட நாளில இருந்து தெரியும். பயத்தில சொல்லேல்லை. சொன்னா உனக்கும் ஏதும் நடந்திடுமோ எண்டு பயம்.

ஜனா, அங்கயிருந்து வெளிக்கிட முதல் ஒண்டு செய். உன்ர ஐசியும் பேர்ஸுக்கதானே கிடக்கு? ... அதை வெளிய எடு. அவரைச் சேட்டுப் பொக்கெற்றில வை, பொத்தானைப் பூட்டு. உன்ரயைக் காச்சட்டையில வை. ... இல்லை, ஒண்டா வைக்காத. ... விசரில்லை எனக்கு. ரெண்டு பேரையும் ஒரேயடியாத் துலைக்க என்னால ஏலாது. ... வச்சிட்டியே? ...

ஜனா? ... ஹலோ? லைன் அறுந்திட்டுதே? ... ஹலோ, ஜனா?