எழுத்துத் திருத்தம்

வாங்கிய பொருள் மாறி வந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். பெட்டியைப் பிரித்து ஆசையாகக் கையை விட்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கும். படம் எடுத்து அனுப்பு, படிவத்தை நிரப்பு, பணம் திரும்பும்வரை பொறுத்திரு என்று அலைக்கழிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. இப்போது மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் நிறுவனத்தில். சாமானின் பெயர், அதன் கீழே வரும் விவரம், வாங்கியவர்கள் எழுதும் கருத்து, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். பிழை திருத்துவது என் வேலை. அதற்கு முன்பு அச்சகத்திலும் அதே வேலைதான். மொத்தம் இருபத்திரண்டு வருடம். ஆபீஸில் எனக்கு ‘ளகரம் சார்’ என்று பட்டப்பெயர். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர் ‘பள்ளி விரட்டும் மருந்து’ என்று எழுதிவிட்டார். எல்லோர் முன்னாலும் அதை உரக்கப் படித்துவிட்டு, “எந்தப் பள்ளியை விரட்டப் போறீங்க, ஆரம்பப் பள்ளியையா, மேல்நிலைப் பள்ளியையா?” என்று கேட்டேன். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த மனிதர் அடுத்த மாதம் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

என் இருக்கைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கும். அடிக்கடி குழம்பும் சொற்களை என் கையாலேயே எழுதி மாட்டியது. அதன் முதல் வரி: ஒலி – சத்தம், ஒளி – வெளிச்சம்.

என் அக்காவுக்குக் காது கேட்காது. முப்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போனது. வாயை விட்டுவைத்தது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவாள். பதிலுக்கு அவள் பேச ஆரம்பித்தால் நமக்கு இடம் கிடைக்காது. எங்களோடுதான் இருக்கிறாள். நானும் மனைவியும் வேலைக்குப் போன ஒரு காலையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டாள். மேசைத் துணி கருகி, அடுத்த அறைவரை புகை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எங்கள் நிறுவனத்திலேயே புகை எச்சரிக்கைக் கருவி விற்கிறோம். இரண்டு வகை. இரண்டும் வட்டமாக, வெள்ளையாக ஒரே அச்சில் இருக்கும். புகை வந்தால் ஒன்று கூவும். மற்றது கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளிச்சம் அடிக்கும், விலையும் கூடுதல். லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் போனில் ஆர்டர் போட்டேன். பகலில் வீட்டில் இருப்பது அக்கா என்பதால் தொடர்பு எண்ணாக அவள் எண்ணைக் கொடுத்தேன்.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் அக்காதான் அதைப் பிரித்தாள். நடுவில் இருந்த பொத்தானை அழுத்தினாள். சமையலறையிலிருந்து என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா ஒன்றும் புரியாமல் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடுங்குது. ஆனா வெளிச்சத்தைக் காணோமே” என்றாள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “டேய், இது கத்துற கருவிடா. செவிடிக்குப் போய் இதை வாங்கியிருக்கியே, நல்லா இருப்பே போ!”

“மாத்தி அனுப்பிட்டாங்கக்கா” என்றேன். அந்த நிமிடம் அதை நான் உண்மை என்றே நம்பினேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“உங்க ஆபீஸ்லயேவா? விடாதே. காசைத் திரும்ப வாங்கிட்டுத்தான் மறுவேலை பார்க்கணும்” என்றாள் அக்கா.

மறுநாள் ஆபீஸில் என் ஆர்டரைத் திறந்து பார்த்தேன். ‘புகை எச்சரிக்கைக் கருவி – ஒலி’ என்று இருந்தது. மாற்றி அனுப்பவில்லை. நான்தான் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

எரிச்சல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வந்தது வெட்கம். தலைக்கு மேலே அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் கருவிகளின் பெட்டியைப் பிரித்துவிட்டால் எங்கள் நிறுவனம் திரும்ப எடுக்காது, தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தால் ஒழிய. பணம் போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் அக்கா தினமும் கேட்பாள். அவளுக்காகக் கேட்டுப் பார்க்கலாம் என்றால், பணம் திருப்பும் பிரிவில் இருக்கும் அம்மாள் என் ஆர்டரைப் பார்ப்பார். ளகரம் சார் ளகரத்தில் கோட்டைவிட்டார் என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா மேசையையும் சுற்றி வந்துவிடும். மானம் கப்பலேறிவிடும்.

எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. பொருளின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் மேனேஜர் ஒப்புதல் வேண்டும். ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால் அது பெயர் மாற்றம் ஆகாது; ‘எழுத்துத் திருத்தம்’. அதற்கு என் கை ஒன்றே போதும். பொருளின் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பழைய ஆர்டர்களிலும் தெரியும். நான் ஒரு நாளைக்கு முந்நூறு எழுத்தாவது மாற்றுகிறேன். அன்று முந்நூற்று ஒன்று. ‘ஒலி’ என்பதை ‘ஒளி’ ஆக்கினேன்.

பிறகு பணம் கேட்டுப் படிவம் போட்டேன். கேட்டது ஒளி, வந்தது ஒலி. திருப்பும் பிரிவு அம்மாள் பார்த்துவிட்டு, “உங்களுக்கே இப்படியா சார்?” என்று உச்சுக்கொட்டினார்.

ஒவ்வொரு பெட்டியிலும் சரிபார்த்தவரின் எண் இருக்கும். என் பெட்டியைச் சரிபார்த்த பெண்ணைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். ஆர்டரில் உள்ள பெயரையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒருவகையில் எனக்கு இனம்.

“சார், நான் பார்த்துத்தான் போட்டேன். பல்லுக்கு வர்ற ல-தான் இருந்துச்சு. பள்ளிக்கு வர்ற ள இல்ல. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே சார், நான் மறப்பேனா?”

உண்மைதான். சேர்ந்த புதிதில் அவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அப்ப என் கண்ணுலதான் ஏதோ கோளாறு” என்றாள். கண் டாக்டரைப் பார்க்கும்படி சொன்னேன். நல்ல டாக்டர் ஒருவரின் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.

பணம் திரும்ப வந்தது. அக்காவுக்குச் சரியான கருவியை வாங்கி மாட்டினேன். ஊதுபத்தியை அருகில் பிடித்ததும் அறையே வெளுக்கும்படி வெளிச்சம் அடித்தது. அக்கா கைதட்டினாள். “அந்தப் பொண்ணை ரொம்பத் திட்டிடாதேடா, பாவம்” என்றும் சொன்னாள்.

அந்த எழுத்தைப் பழையபடி மாற்றிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகும். ஒரே எழுத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். சற்றுத் தள்ளிப் போகட்டும் என்று விட்டேன். கடையில் இப்போது இரண்டு ‘ஒளி’ இருந்தன. ஒன்று விலை குறைவு. மக்கள் எதை வாங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று பேர் பொருள் மாறி வந்ததாக எழுதிப் பணம் கேட்டார்கள். மூன்று பெட்டிகளும் அந்தப் பெண்ணின் கையைத் தாண்டிப் போனவை. ஆர்டரில் ள, பெட்டியில் ல என்று பட்டபோதும் தன் கண்தான் கோளாறு என்று எண்ணி அனுப்பிவிட்டாளாம். இதனால் எனக்கு ஒரு வசதியும் ஏற்பட்டது. என் புகார் தனிப் புகாராக இல்லாமல் நாலில் ஒன்றானது. அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். கடைசி நாளன்று புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டாள்.

“கண்ணாடி போட்டு யோசிச்சாலும் அன்னைக்கு ல-தான் இருந்துச்சுன்னே தோணுது சார். கிறுக்குப் பிடிச்சிருச்சோ என்னவோ.”

“மனசுல ஒண்ணு பதிஞ்சிட்டா மாத்துறது கஷ்டம்மா” என்றேன்.

அன்று இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. குற்றவுணர்வு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தினமும் அது என்னோடுதான் எழுந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது கடிகாரம் பழுது பார்ப்பவரைப் பற்றி. அவருக்கும் காது கேட்காது. சிறிய கடை, பின்னால் ஓர் அறை, தனி ஆள். மதியம் கடையைச் சாத்திவிட்டு அந்த அறையில் ஒரு மணி நேரம் தூங்குவாராம். அவர் வாங்கியது அந்த விலை குறைந்த கருவி. நண்பர் ஒருவர் கூரையில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வகைக் கருவியிலும், வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகச் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று அவ்வப்போது மினுக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் சரியானதுதான் வந்திருக்கிறது என்று இருந்துவிட்டார். கடையில் மின்கம்பி கருகிய அன்று அந்தக் கருவி கூவியிருக்கிறது. தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கதவை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்திரிகையில் கருவியின் படமும் வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் போனோடு என் அறைக்கு வந்தாள். காது கேட்காதவள், போனுக்கு வந்த செய்தி ஒன்றையும் அழிக்க மாட்டாள். அவளுக்கு அதுதான் பேச்சு. நான் ஆர்டர் போட்ட அன்று அவள் எண்ணுக்குப் போன செய்தி, ‘ஒலி’ என்ற பெயரோடு, அதில் இருந்தது. பக்கத்தில் எழுத்தை மாற்றினால் பழைய ஆர்டரில் மாறும். ஒருவர் போனுக்கு ஏற்கெனவே போய்விட்ட செய்தியில் மாறாது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இதை நான் யோசிக்கவில்லை.

“உன் வாயைப் பார்த்தா ரெண்டு ல-வும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். எழுதிக் காட்டு. நீ கேட்டது எது?” என்றாள்.

எழுதிக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்க்காவிட்டால் அவளோடு யாரும் பேச முடியாது, இன்றுவரை பார்க்கவில்லை. அந்தச் செய்தியை உங்களிடம் கொண்டு வந்து காட்டியது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி: இப்படி நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்று சொல்லத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பதிவுகளை எடுத்துப் பார்ப்பீர்கள். தீ விபத்துக்கு ஐந்து நாள் முன்பு கடிகாரக்காரர் எங்கள் பக்கத்தில் ஒரு கருத்து எழுதியிருந்தார். ‘எனக்குக் காது கேட்காது. தனியாக இருக்கிறேன். இதன் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் நிம்மதியாக தூங்குகிறேன். நன்றி.’ அது என் திரைக்குத்தான் வந்தது. வலப்பக்கத்தில் அவருடைய முகவரியும் எண்ணும் இருந்தன. சிவப்பு விளக்கு என்று படித்ததுமே, அவர் நம்பியிருப்பது அந்தச் சின்னப் புள்ளியை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். நான் அனுப்பவில்லை.

‘நிம்மதியாக’ என்பதற்குப் பிறகு ஒற்று விட்டுப்போயிருந்தது. ஒரு ‘த்’ சேர்த்து வெளியிட்டேன். நீங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் சரி, கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் விடுகிற பழக்கம் என்னிடம் இல்லை.