விசில் ஊதின பிறகு

— அசையாதை கன்னையா. ஊசி புருவத்துக்குள்ளை நிக்குது.

— குத்துங்க டிரெஸ்ஸர் ஐயா. பக்கத்து ரூம்ல இராமலிங்கம் கங்காணி முனகுறானா, அத மட்டும் சொல்லுங்க.

— முனகேல்லை. செத்துப்போனான். அவன்ரை கண்ணை மூடிவிட்டிட்டுத்தான் உன்னட்டை வந்தனான்.

— செத்துட்டானா? சரி. பொய் சொல்ல மாட்டேன் ஐயா, சத்தியமா சொல்றேன். விலாவ ஒடைக்கணும்னுதான் போனேன். உசுரு போனாலும் போவட்டும்னு இருந்துச்சு.

— கிள்ளானிலையிருந்து இன்ஸ்பெக்டர் வாறார். பொழுதுபட முன்னம் நான் ரிப்போட் குடுக்க வேணும். விளையாட்டிலை அடிபட்டவன் எண்டால் உனக்கு ஒண்டுமில்லை. இல்லையெண்டால் தூக்கு.

— வெளையாட்டுதானே ஐயா? இத நமக்குக் கத்துக்குடுத்த ஆஸ்திரேலியாத் தொரை மொத நாளே என்ன சொன்னாரு? முட்டைப் பந்தக் கையில வச்சிருக்கிறவன மோதிச் சாய்க்கலாம், பாடாங்கு மைதானத்துக்குள்ள கங்காணியும் கெடையாது, கூலியும் கெடையாதுன்னாரே. வெளிய அவனத் தொட்டா ஜெயிலு. உள்ள தொட்டா கைதட்டு.

— நீங்கள் ரெண்டு பேரும் முந்தி ஒரே டீம் அல்லோ?

— அதான் ஐயா வயித்தெரிச்சல். அவன் கேப்டன், நான் அவனுக்குப் பந்து எடுத்துக் குடுக்கணும். ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டு மேரு பக்கத் தோட்டத்துக்குப் போனேன். எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அவனுக்கு எதுத்தாப்ல நிக்கத்தான். மூணு தோட்டம், ஆறு மேட்ச்சு. ஒவ்வொரு மேட்ச்லயும் எவன் மண்டையாவது ஒடைஞ்சுது, எவன் பல்லாவது கொட்டுச்சு. நான் இன்னிக்கி கடைசி மேட்ச்சுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

— உன்ரை தம்பிக்காகவோ?

— வேற எதுக்கு? சபாபதி பெரட்டுக்கு லேட்டா வந்தான். பேரு கூப்புடுற எடத்துலயே அவன் வயித்துல மிதிச்சான் இந்த இராமலிங்கம். பூட்ஸு காலோட மிதிச்சான். அன்னிக்கி சாயந்தரம்தான் மொத மேட்ச்சு. 'எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய் ஆடுண்ணே'ன்னான். ஆடிட்டு லயத்துக்குத் திரும்புனா பாயெல்லாம் ரத்தம். வெறைச்சுக் கெடந்தான்.

— தலையை ஆட்டாதை. நூல் அறுந்துபோம்.

— அறுந்தா அறுந்துட்டுப் போவுது.

— நான் சொல்லுறதைக் கேள். நீ மோதி விழுத்தினது விளையாட்டு. விசில் ஊதினாப் பிறகு முழங்காலாலை அவன்ரை நெஞ்சிலை மூண்டு தரம் குத்தினாய். அது விளையாட்டில்லை.

— யாரு பாத்தா? எல்லாரும் அங்கிட்டு ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்கிட்டு இருந்தானுங்க.

— நான் பாத்தனான். கோல் விழுந்தால் ஆட்டுற கொடியோடை கோல் கம்பத்தடியிலை நிண்டது ஆர்? பத்தடி தூரம். விலா முறிஞ்ச சத்தமும் கேட்டது.

— எனக்குக் கேக்கல. முட்டிய நெஞ்சுல ஊணிக்கிட்டு மூஞ்சியிலயே முட்டுனேன். இந்தப் புருவம் கிழிஞ்சது அவன் பல்லுலதான். ஆனா ஒண்ணு மட்டும் புரியல ஐயா. அவன் கையத் தூக்கவே இல்ல. எருமை மாதிரி ஆளு, மேல வந்து விழுறவனத் தடுக்கக்கூட இல்ல. எனக்கு அதுல இன்னும் வெறி ஏறிப்போச்சு.

— ரிப்போட் எழுதிப்போட்டன். விளையாட்டிலை விழுந்து விலா முறிஞ்சு செத்தவன்.

— எழுதிட்டீங்களா? ஐயா, உங்க காலு எங்க, தொட்டுக் கும்புடுறேன்.

— கும்பிடாதை. எழும்பாதை.

— நீங்க யாழ்ப்பாணம், நான் தஞ்சாவூருப் பக்கம். ஒட்டா ஒறவா? வெளிய தெரிஞ்சா உங்க வேலையே போயிரும். எனக்காக ஏன் ஐயா பொய் எழுதுனீங்க?

— உனக்காக இல்லை.

— அப்ப?

— முதல் மேட்ச் அண்டைக்கு இராமலிங்கம் விளையாட வரேல்லை. ஞாபகம் இருக்கோ?

— ஏன் இல்லாம? என் மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருந்தான்.

— ஒளிக்கேல்லை. லயத்திலை உன்ரை தம்பியின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவன். பெடியன் ரத்தம் கக்கத் தொடங்கினவுடனை பாடாங்குக்கு ஓடி வந்து என்ரை காலைப் பிடிச்சவன். தெரியாமல் மிதிச்சிட்டன், காப்பாத்துங்கோ எண்டு குழறினவன்.

— அவன் ஓடியாந்தானா? அப்பறம் நீங்க ஏன் போகல?

— துரை பாத்துக்கொண்டு நிண்டவர், கொடியை விட்டிட்டுப் போக எனக்குப் பயம். நீ அப்பதான் கோல் அடிச்சனீ, கன்னையா. உன்ரை கோலுக்கு ரெண்டு கொடியையும் ஆட்டிக்கொண்டு, மேட்ச் முடியட்டும் வாறன் எண்டு அவனைத் திருப்பி அனுப்பினது நான்.