இரண்டு மோடத்துக்கும் ஒரே எண்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அட்டைத் துண்டை மடித்து வைத்தால் சரியாகிவிடும். கோளாறைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

குளிர்பதனக் கிடங்கு ஊருக்கு வெளியே. அங்கே இயந்திரங்களை ஓட்டும் சர்வரை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மோடம் வழியாக நான்தான் பார்த்துக்கொள்வேன். கிடங்கின் இயந்திர அறையில் மோடம் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது அவசரத்துக்கு. ஆளுக்கொரு இணைய முகவரி எண் கொடுக்க வேண்டும். நான் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தேன். இரண்டும் விழித்திருந்தால் ஒரு பந்தியில் ஒரே இலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்த கதைதான், இணைப்பு அறுந்துவிடும். இரண்டாவதை எழுப்பவும் தூங்கவைக்கவும் என் கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போதும்.

ஏன் என்கிறீர்களா? என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெளியாளை வைக்கப் பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மீட்டேன். "உங்க கை பட்டாத்தான் அது அடங்குது," என்றார் மேலாளர். வெளியாள் பேச்சு நின்றது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது லேசான வேலை இல்லை.

அன்று காலை பதினொரு மணிக்கு வழக்கம்போல் அறுத்தேன். திரை செத்துப்போகும் முன் வந்த கடைசி வரி: இயந்திர அறையில் அம்மோனியா கசிவு. நான் மட்டும்தான் பார்த்தேன். வாயுவை வெளியேற்றும் விசிறியை இங்கிருந்துதான் ஓட்ட முடியும். அதற்குள் மேலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் கண்ணெதிரே குறுஞ்செய்தி அனுப்பினால் குட்டு உடைந்துவிடும். கழிப்பறைக்குப் போய் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். வீரன் பாதியில் களத்தை விட்டுப் போனால் நன்றாகவா இருக்கும்?

கிடங்கு மெக்கானிக் என் தங்கையின் கணவன். நானே சேர்த்துவிட்ட வேலை. போன் போட்டேன்.

"மாப்ள, மிஷின் ரூமுக்குள்ள போய் ரெண்டாவது மோடத்தை அணைச்சிடு."

"ஏதோ நெடி அடிக்குதே மச்சான். போகலாமா?"

"மூக்குல துணியைக் கட்டிக்க. ஒரு நிமிஷ வேலை."

"நீங்க சொன்னா சரி. அதுக்கு நீங்கதானே டாக்டரு," என்று சிரித்தான்.

மோடம் அணைந்தது. இணைப்பு வந்தது. விசிறி ஓடியது. அவன் வெளியே வரவில்லை.

தங்கை தினமும் கேட்கிறாள். "கடைசியா உன்கிட்டதானே பேசினாரு, அண்ணா. என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரும்மா," என்றேன். அதில் பொய் இல்லை பாருங்கள்.

கசிவு தெரிந்தேதான் அவனை உள்ளே அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். எட்டே நிமிடத்தில் இணைப்பு திரும்பியதையும் மறக்காமல் எழுதுங்கள். வெளியாளாக இருந்தால் அரை நாள் ஆகியிருக்கும்.