கருவாட்டுக்கு ஒரு ரூம்

"யக்கா, கருவாட்டுக்கு மட்டும் தனியா ஒரு ரூம் கிடைக்குமா?"

கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள். அவள் கழுத்தில் ஆபீஸ் அட்டை புத்தம் புதிதாகத் தொங்கியது. கூட நின்ற அக்கா சிரிக்கவில்லை.

"மாட்டுங்கால சைவக்காரங்க வீடு வேண்டாம்னு அப்பமே சொன்னேம்லா? தாராவியில எங்ககூட இருந்திருக்கலாம்."

"அங்க இருந்தா நான் வார நேரம், போற நேரமெல்லாம் ஊருக்குப் போன் போயிரும்க்கா. இங்க வீட்டுக்காரம்மா ஃப்ரிட்ஜையே தொறந்து பாக்காங்க. அது தெரியாம அம்மா ஊர்க்காரர்ட்ட ரெண்டு கிலோ கருவாடு குடுத்து விட்டுட்டாங்க."

"ஸ்டேஷன்லயே போயி வாங்கிரு."

"அவரு நேரா நான் இருக்க வீட்டுக்கே போயிட்டாராம். நான் இல்லன்னா வீட்டுக்காரம்மாட்ட குடுக்கணுமாம். பாதிய அவங்களையே எடுத்துக்கிடச் சொல்லியிருக்காங்க அம்மா."