மஹ்தாபின் மூக்கு

தெஹ்ரானில் மூக்கில் பிளாஸ்திரியோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எங்கள் ஊர் வழக்கம். அழகாக வேண்டும் என்று கத்தியின் கீழ் படுத்து, கோணிப்போய் எழுந்து வருபவர்களைச் சரிசெய்வதுதான் என் வேலை, ஐயா.

மஹ்தாபும் அப்படித்தான் வந்தாள். எவனோ அவள் மூக்கெலும்பை அளவுக்கு மீறிச் செதுக்கியிருந்தான். தண்டு உள்ளே அமுங்கி, வலது பக்கம் மூச்சு அடைத்துக்கொண்டது. அவள் படங்களுக்கு டப்பிங் பேசுகிறவள். குரல்தான் சோறு.

"கதாநாயகிக்குப் பேசிட்டிருந்தேன், டாக்டர் ஜான். இப்போ ஜலதோஷம் பிடிச்ச மாமியாருக்குத்தான் கூப்பிடுறாங்க" என்று சிரித்தாள். பிரியமானவர்களை 'ஜான்' சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் பழக்கம்.

காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்துத் தண்டை நிமிர்த்தினேன். நன்றாக வந்தது. கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் முகம் உங்க கையில இருக்கு." அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை.

முழுதாகக் குணமானவர்கள் திரும்பி வருவதில்லை. நுனியில் மிஞ்சிய சிறு மேட்டைச் சீவ அவள் மறுபடி வந்தபோது, இடப்பக்கத் தையல் ஒன்றைத் தளர்த்தி விட்டேன்.

"டாக்டர், இது லூசா இருக்கே?" என்றாள் நர்ஸ் சூதாபே.

"வீக்கத்துக்கு இடம் வேணும்மா" என்றேன்.

அடுத்த வசந்தத்துக்குள் மூக்கு இடப்பக்கம் சாய்ந்தது. மஹ்தாப் அழுதாள்; நான் தேற்றினேன். விலாவிலிருந்து எலும்பெடுத்தேன், நேராக்கினேன், மறுபடி ஒரு தையலைத் தளர்த்தினேன். ஒவ்வொரு முறையும் கோம் நகரத்து சோஹான் மிட்டாய் வாங்கி வருவாள். என் மேஜைமேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கதாநாயகிகளைப் போலப் பேசிக் காட்டுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

போன இலையுதிர் காலத்தில் விரலில் மோதிரத்தோடு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர் ஜான். அவர் கூட்டிட்டுப் போனாருன்னு ஷீராஸ்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரே ஒரு தையல்தான் கோளாறாம். சின்ன வேலையாம். ஆனா எனக்கு உங்க கைதான் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடுங்க."

நான் உருவாக்கிய மூக்கை இன்னொருவன் முன்னால் நீட்டியிருக்கிறாள். அவன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். நம்பினவனுக்குச் செய்கிற காரியமா இது, நீங்களே சொல்லுங்கள்.

கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன்.

அறுவை அறையில் அந்தத் தையலைச் சரியாக இறுக்கினேன். பிறகு, ஏதோ எடுத்து வர சூதாபேயை வெளியே அனுப்பிவிட்டு, நுனிக்கு இரத்தம் போகும் நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். மேலே கட்டை அழுத்திப் போட்டேன்.

வீட்டுக்குப் போன பின் போன் செய்தாள். "நுனி கறுக்குது டாக்டர். ஒரு மாதிரி வாடை வருது."

"கன்னிப்போன ரத்தம்மா அது. கட்டை அவிழ்க்காதே. வேற யாருக்கும் காட்டாதே" என்றேன்.

இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டாள்.

இப்போது அங்கே மூக்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. வாயால்தான் மூச்சு விடுகிறாள். ஷீராஸ்காரன் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டான். மோதிரம் போட்டவனும் வருவதில்லையாம். என் கைகளில் விலங்கு எதற்கு, ஐயா? அவளுக்கு இனி நெற்றித் தோலை இறக்கித்தான் மூக்குக் கட்ட வேண்டும். அவளைக் கைவிடாதவன் நான் ஒருவன்தான்.