ஏத்தின இடத்தில் இறக்கி விடு

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற சங்கதி இல்லை இது.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஹ்ரிபு பாங்கு சொல்வதற்குச் சற்று முந்திய நேரம். கண்டிக் குளத்தின் மறுகரை ரோட்டு… கடைகண்ணி இல்லாத பக்கம். ஊருக்குள் வெளிச்சம் இருக்கும்போதே அங்கே மரத்தடியில் இருட்டிவிடும். மத்தியானம் தூறிய மழையில் ரோட்டு நனைந்து கிடக்கிறது. வௌவால்கள் கிளம்பிப் போகின்றன. குளத்து மதிலில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

பெயர் ரவிகுமார். என் சிநேகிதன் சுந்தரலிங்கத்தின் மருமகன். சுந்தரலிங்கம் மாநகர சபையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்ன மனிதர். பெண் பார்க்க வந்த அன்று, தன் மகள் சுந்தரி நன்றாகச் சமைப்பாள் என்று சொன்னார். அதையும் இந்த ரவிகுமாரிடம்தான் சொன்னார். ஆகவே மற்றதெல்லாம் உண்மை என்றுதான் கொள்ளவேண்டும். நான் ஒரு சொல் கூட்டவில்லை.

ரவிகுமாருக்குத் தொழில், ஊர் காட்டுவது. வெளியூர்க்காரர் ஒருவரோ இருவரோ கிடைத்தால் நடத்தியே கூட்டிப் போவான். குளம், மாளிகை வாசல், அதற்குப் பின்னால் வெள்ளைக்காரர்களைப் புதைத்த பழைய மயானம், கடைத்தெரு, மார்க்கெட். திரும்பக் குளம். அவ்வளவுதான். ஆனால் அவன் நடக்கிற விதம் இருக்கிறதே, அதுதான் விசேஷம். பின்பக்கமாக நடப்பான். முகம் விருந்தாளியைப் பார்த்திருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கால் பாட்டுக்குப் பின்னால் போகும். ஒரு நாளும் தடுக்கியதில்லை. எல்லாம் முடிந்ததும் நெஞ்சில் கை வைத்து ஒரு வசனம் சொல்லுவான். “ஊரக் காட்டிட்டேன். இனி இது உங்க ஊரு.” அதைக் கேட்டு ஒரு ஜெர்மன்காரி அழுதே விட்டாளாம்.

மஹய்யாவையில் பாட்டன் கட்டிய வீடு. நீலக் கதவு. அதற்குள் சுந்தரி, இரண்டாம் வகுப்பில் படிக்கிற மகள் தர்ஷனா. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டால் ரவிகுமாருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். மகளோ அப்பாவின் கூத்து முழுவதையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். பொம்மைக்கு வீடு காட்டுவாள். பின்பக்கமாக நடந்து, “இது அலுமாரி, இது குசினி” என்று கையை நீட்டி… தகப்பன் தோற்றான்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கூடத் தொழில் செய்கிற மோகனராஜ் அடிக்கடி சொல்லுவான். முந்தி பஸ் கண்டக்டராக இருந்தவன், பேச்சும் அப்படித்தான் இருக்கும். “எங்க ஏத்துனியோ அங்கயே எறக்கி விட்டுடு மச்சான். நடுவழியில விட்டா அந்த ஆளு எங்க போவான்? ஊர்ல ஒன்னத் தவிர அவனுக்கு யாரத் தெரியும்?”

அன்றைக்கு வருவதாகச் சொன்ன ஜோடி வரவில்லை. மகளுக்குக் கலர் பென்சில் வாங்கிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று ரவிகுமார் எழுந்தான். அப்போது, தண்ணீருக்கு இறங்குகிற படியில்… சளப்… சளப்… என்று கால் வைக்கிற சத்தம். வயசான ஓர் ஆள் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி. முழங்கால் வரைக்கும் சேறு. கால் கழுவப் போய் வழுக்கியிருப்பார் என்று நினைத்தான்.

ஊரைக் காட்டுவாயா என்று கேட்டார். தமிழ்தான். ஆனால் சொல்லுக்குச் சொல் நிறுத்தி, நெடுநாள் பேசாமல் இருந்தவர் மாதிரி. இந்தியாவிலிருந்து வந்தவராக்கும் என்று ரவிகுமார் எண்ணிக்கொண்டான். நமக்குப் புரியாத தமிழ் எல்லாமே இந்தியாத் தமிழ்தானே.

வழக்கம்போலத் தொடங்கினான். இந்தக் குளம் முந்தி வயலாக இருந்தது, கடைசி ராசா அணை கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தான். விருந்தாளிகள் இந்த இடத்தில் படம் பிடிப்பார்கள். இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வயலில் நின்றவர்களுக்கு… முன்னதாகச் சொன்னார்களா?”

ரவிகுமார் தொழில் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தான்.

மாளிகைப் பக்கம் போகும்போதுதான் ஒன்றைக் கவனித்தான். பின்பக்கமாக நடப்பவனுக்குத்தான் அது தெரியும். நனைந்த ரோட்டில் அவனுடைய செருப்புத் தடம் விழுகிறது. அவன் காலை எடுத்ததும் அந்தத் தடத்தின் மேலேயே இவர் கால் வைக்கிறார். பக்கத்தில் இல்லை. சரியாக அதன் மேல்… சொல்லி வைத்தாற்போல. அவன் நின்றால் அவரும் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார். அவன் மிதிக்காத இடத்தில் அவர் மிதிக்கவே இல்லை. சேறும் காயவில்லை. காற்று அவர் பக்கமிருந்து வந்தபோது வயல் வாடை அடித்தது. உழுது போட்ட வயலின் வாடை. கண்டி டவுனுக்குள் எங்கே வயல்?

மயானத்தின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெளியில் நின்று கல்லறைகளைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறார்களே என்றாராம். பொறாமைப்படுகிறவர் மாதிரி.

கடைத்தெருவுக்கு வந்தார்கள். நல்ல சனம். ஒருவரும் அவர்மேல் இடிக்கவில்லை. ராசா கதை, ராணி கதை எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மேல்மாடி ஜன்னல்களில் லைட் எரிவதைப் பார்த்துப் பார்த்து, அங்கே யார் படுக்கிறார்கள், கதவைத் திறந்து விடுவார்களா என்று மட்டும் விசாரித்தார். ஒற்றை விருந்தாளியிடம் பேச்சு நின்றால் தொழில் நின்ற மாதிரி. ரவிகுமார் கடைசி ஆயுதத்தை எடுத்தான். எல்லோரும் இளகுகிற ஆயுதம். போனில் மகளின் படத்தைக் காட்டினான்.

அவர் குனிந்தார். தாடையிலிருந்து ஒரு துளி… பிள்ளையின் முகத்தில் விழுந்தது. ரவிகுமார் விரலால் துடைத்தான். துளி போய்ச் சேறாக இழுபட்டது.

வீடு எங்கே என்று கேட்டார். சொல்லக் கூடாது என்று மனசு சொல்கிறது. வாய் பழகின வாய், வழி கேட்டால் சொல்லிவிடும். மஹய்யாவை, ரயில் சுரங்கத்துப் பக்கத்துப் படி, ஏறினதும் நீலக் கதவு, ராத்திரியில்தான் தாழ்ப்பாள் போடுவோம், நாய் குரைக்கும் கடிக்காது… எல்லாம் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் போனைப் பைக்குள் ஒளித்தான்.

“எனக்கும் ஒரு வீடு இருந்தது,” என்றார் அவர். “நீ காட்டினாயே. அங்கேதான்.”

அவன் காட்டியது தண்ணீரை.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மடவளைக்கார அகீலின் டீக்கடை. ரவிகுமார் எத்தனை பேரைக் கூட்டி வருகிறானோ அத்தனை கோப்பை தானாக வரும். ரவிகுமார் உள்ளே போய் உட்கார்ந்தான். அவர் வாசலில், ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அகீல் ஒரு கோப்பை பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றே ஒன்று.

“என்ன ரவி நானா, இன்னக்கி ஆள் ஒத்தரும் இல்லயா? தனியாப் பேசிப் பேசி வாறீங்க. ஊட்டுல பொஞ்சாதியோட சண்டையா?”

ரவிகுமார் வாசலைப் பார்த்தான். நிற்கிறார். அகீலைப் பார்த்தான். பல்லைக் காட்டுகிறான். டீயைத் தொடவில்லை. குசினிப் பக்கமாக எழுந்து போய், பின்கதவால் இறங்கி, மீன் கழுவின தண்ணீரில் கால் வைத்து, சந்து வழியே ஓடி… ஆட்டோவுக்குள் விழுந்தான். அன்றைக்குத்தான் அவன் முன்பக்கமாக ஓடியதை ஊர் பார்த்தது.

ஆட்டோவில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. மோகனராஜுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

“எங்க விட்ட?”

“அகீல் கடையில.”

“ஏத்துன எடம்?”

“குளத்துப் படி.”

மோகனராஜ், “அப்ப அந்த ஆளுக்கு இன்னும் டூர் முடியலயேடா,” என்றான்.

சுரங்கத்துப் பக்கம் இறங்கும்போதே வாடை. படியைப் பார்த்தான். படிக்குப் படி சேறு. காலையில் அவன் செருப்பு எங்கெங்கே பட்டதோ அங்கங்கே. நாய் சாக்கடைக்குள் சுருண்டு கிடந்தது, குரைக்கவில்லை. நீலக் கதவு திறந்திருந்தது.

குசினிக்குள்ளிருந்து தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. துருவிக்கொண்டே சுந்தரி சொன்னாள். “வந்துட்டீங்களா? அப்பா ஆள் அனுப்பியிருக்குன்னு பாப்பா ஓடிப் போய்க் கதவத் தொறந்துச்சி. எட்டிப் பாத்தேன், ஒருத்தரையும் காணல. வழக்கமான வெளையாட்டுதானேன்னு விட்டுட்டேன். என்னாங்க இது, சேத்து நாத்தம்?”

பொம்மை அலுமாரிக்கு மேல் கிடந்தது.

தர்ஷனா முன்னறையில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். கழுத்தை நிமிர்த்தி… தன்னைவிட உயரமான யாரையோ பார்த்தபடி. “இது சாமிப் படம். இது குசினி, உள்ளுக்கு அம்மா இருக்கா. இது நான் படுக்கிற எடம். இது அப்பா கதிரை, நல்லாச் சாஞ்சி உக்காரலாம்.”

சிமெந்துத் தரையில் அவளுடைய சின்னக் கால் எடுத்த இடத்தில்… பெரிய ஈரக் கால் ஒன்று விழுந்தது. சளப். அடுத்த தடத்தில் அடுத்தது. சளப்.

கடைசியில் என்ன வசனம் வரும் என்று ரவிகுமாருக்குத் தெரியும். அதை எழுதியவனே அவன்தானே. பாய்ந்து போய் அந்த வாயைப் பொத்த வேண்டும். ஒரு நாளும் தடுக்காத கால் வாசற்படியில் தடுக்கியது. ‘பாப்பா’ என்று கூப்பிட வேண்டும். பகல் முழுவதும் பேசுகிற வாய்… அந்த நேரம் பார்த்து அதிலிருந்து காற்றுத்தான் வந்தது.

பிள்ளையின் முதுகு சுவரில் முட்டியது. இனிப் பின்னால் போக இடமில்லை. நெஞ்சில் கை வைத்தாள்.

“வீட்டக் காட்டிட்டேன். இனி இது உங்க வீடு.”

கதிரை கிரீச் என்றது. பாரமான ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல்கூட வரவில்லை; மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். நூல் கட்ட ஒரு பூசாரியைச் சுந்தரலிங்கம் கூட்டிப் போனார். கேள்விப்பட்டு அகீலும் ஓதிப் பார்க்க ஒரு லெப்பையைக் கூட்டி வந்தான். இரண்டு பேரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். உள்ளே வாருங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லையாம். ரவிகுமார் பக்கத்தில்தான் நின்றான். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், வீட்டு வாசலிலிருந்து குளத்துப் படி வரைக்கும் பின்பக்கமாக நடந்து, வசனமெல்லாம் சொல்லிப் பார்த்தானாம். ரோட்டில் அவனுடைய தடம் மட்டும்தான் கிடந்தது. சொந்த வீடு கிடைத்தவர் எதற்காக வெளியே வரப்போகிறார்?

விற்றுவிட்டுப் போகலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். விற்க அது அவர்களுடையதா என்றார் சுந்தரலிங்கம்.

போன தீபாவளிக்குப் பலகாரப் பையோடு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நல்ல மழை. படி ஏறிப் பார்த்தால், மருமகன், மகள், பேத்தி மூன்று பேரும் கோயிலுக்குப் போய் வந்த புதுத்துணியோடு வாசலில் நின்று நனைந்துகொண்டிருக்கிறார்கள். நீலக் கதவு சாத்தியிருக்கிறது. ஏன் உள்ளே போகாமல் நிற்கிறீர்கள் என்று அதட்டியிருக்கிறார். ரவிகுமார் மெதுவான குரலில், உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, சொன்னானாம்.

“தட்டியிருக்கோம் மாமா. இன்னும் வாங்கன்னு சொல்லல.”

சுந்தரலிங்கம் கதவைப் பார்த்தார். வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. சாவி, மகளின் கையில் இருந்தது.